எண்ணத் தெரிந்த ஊர்

நாமக்கல்லை வெளியூர்க்காரர்கள் மூன்று விஷயங்களால் அறிவார்கள். ஒன்று, கூரையில்லாத கோயிலில் 18 அடி உயரத்தில் கை கூப்பி நிற்கும் ஆஞ்சநேயர். இரண்டாவது, லாரி. மூன்றாவது, முட்டை. ஆஞ்சநேயரைப் பற்றிப் பக்தர்கள் எழுதியிருக்கிறார்கள். லாரியைப் பற்றி எழுத எனக்குத் தகுதி போதாது. முட்டையைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். ஆனால் யோசித்துப் பார்க்கையில், நான் சொல்ல வந்தது முட்டையைப் பற்றிக்கூட அல்ல. முட்டையை எண்ணுகிற மனிதர்களைப் பற்றியும், அவர்களும் நாமும் சேர்ந்து எண்ணாமல் விட்டுவிட்ட ஒன்றைப் பற்றியும்தான்.

சேலத்திலிருந்து ராசிபுரம் வழியாக நாமக்கல்லுக்குப் பஸ்ஸில் போகிறவர்களுக்கு இந்தச் சீமை தெரியும். ஒரு பக்கம் கொல்லிமலை கூடவே நடந்து வரும். மலையடியில் செம்மண் பூமி. சோளத்தட்டு, மரவள்ளி, நிலக்கடலை, ஆழமான கிணறு. நடுநடுவே ரெயில் வண்டி நின்றுவிட்டதைப் போல நீளநீளமான கொட்டாய்கள். 1997 வரை இதெல்லாம் ஒரே சேலம் ஜில்லாதான். பிறகுதான் நாமக்கல் தனி ஜில்லா ஆயிற்று. வானத்தை நம்பினால் மோசம் என்று தலைமுறை தலைமுறையாகக் கற்றுக்கொண்ட விவசாயி, மழைக்குக் காத்திராத ஒரு பயிரைத் தேடினான். கோழி கிடைத்தது.

இந்த ஊர்க்காரர்களிடம் நான் கண்டு வியக்கும் குணம் ஒன்று உண்டு. எதையும் எண்ணாமல் விடமாட்டார்கள். ஒரு கோழி நாளொன்றுக்கு எவ்வளவு தீவனம் தின்னும் என்று கேளுங்கள். 110 கிராம் என்று நின்ற இடத்திலேயே பதில் வரும். ஒரு ட்ரேக்கு 30 முட்டை. ஆயிரம் கோழிக்கு நேற்று எத்தனை முட்டை, இன்று எத்தனை, போன வருஷம் இதே நாளில் எத்தனை என்பதெல்லாம் நோட்டில் இருக்கும். நோட்டைப் பார்க்காமலே சொல்லுகிறவர்களும் உண்டு. 1982-ல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு ஏற்பட்ட பிறகு நாமக்கல் மண்டலத்துக்கென்று ஒரு விலை அறிவிக்கப்படுகிறது. அது காசுக் கணக்கில் ஏறும், இறங்கும். ஐந்து காசு ஏறினால் பண்ணைக்காரர் முகத்தில் சிரிப்பைக் காணலாம். பத்துக் காசு இறங்கிவிட்டால் அன்றைக்கு வீட்டுக் குழம்பில் உப்புப் போதாது!

இப்படி ஐந்து காசைக்கூட விடாமல் எண்ணுகிற ஊரில், ஒரு கணக்கு மட்டும் வெகு காலம் எழுதப்படாமலே கிடந்தது. அந்த வெற்றுப் பக்கத்தை முதலில் எனக்குக் காட்டியவர் என் அத்தை மகன். அவர் பண்ணை வைத்திருக்கிறார். என்னைவிட இளையவர்; ஆகையால் நான் அவரை மாப்பிள்ளை என்று அழைப்பதும், அவர் என்னை மச்சான் என்று அழைப்பதும் வழக்கம்.

2018-ம் வருஷம் ஐப்பசி மாதம் என் அத்தை வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 76. ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. ஆனால் சிறுநீருக்காகப் போட்டிருந்த ரப்பர் குழாய் வழியே கிருமி புகுந்து ரத்தத்தில் ஏறிவிட்டது. மூன்று நாள் ஒரு மருந்து கொடுத்தார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. அதைவிட விலை கூடிய மருந்துக்கு மாற்றினார்கள். அதற்கும் இறங்கவில்லை. பிறகு பரிசோதனைச் சாலையிலிருந்து ஒரு காகிதம் வந்தது. இடப்பக்கம் மருந்துகளின் பெயர்கள். வலப்பக்கம் ஒற்றை ஒற்றை எழுத்துக்கள். ‘எஸ்’ என்றால் அந்த மருந்துக்குக் கிருமி அடங்கும். ‘ஆர்’ என்றால் அடங்காது. மேலிருந்து கீழே ஆர், ஆர், ஆர் என்று பரீட்சையில் தோற்ற பையனின் மார்க் ஷீட்டைப் போல இறங்கி வந்தது அந்தப் பத்தி. கடைசியில் ஒரே ஒரு ‘எஸ்’. அதற்கு எதிரே இருந்த பெயர் கொலிஸ்டின்.

மாப்பிள்ளை அந்தக் காகிதத்தை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்தப் பேரை நான் எங்கியோ பாத்திருக்கேனுங்க, மச்சான்” என்றார்.

இரவு பத்து மணிக்கு வராந்தா பெஞ்சியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“எங்கேன்னு இப்பத்தான் நெனப்பு வந்துச்சுங்க. நம்ம தீவனக் கொட்டாயில பாத்தேன். குஞ்சுக்குக் கழிச்சல் கண்டாக் குடுக்கிற பவுடர் மேல போட்டிருந்துச்சு.”

நான் பதில் பேசவில்லை. அவரே தொடர்ந்தார்.

“அம்மாவுக்கு இது ஒண்ணுதான் கேக்குதுங்கறாங்க. நாளைக்கு இதையும் அந்தக் கிருமி தாண்டிருச்சுன்னா, அது எங்க கொட்டாயில படிச்ச பாடமுங்களா, மச்சான்?”

பதினான்கு நாள் ஊசி போட்டார்கள். அத்தை பிழைத்து வீடு திரும்பினார். சிறுநீரகங்கள் மட்டும் பழைய பலத்துக்குத் திரும்பவில்லை. உப்பில்லாத சோற்றைத் திட்டிக்கொண்டே உண்டு மூன்று வருஷம் இருந்தார். மாப்பிள்ளையின் கேள்வி அவர் காலத்துக்குப் பிறகும் இருக்கிறது. அதற்குப் பதில் தேடிப் போனதில் நான் தெரிந்துகொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கோழிக்கு எதற்கு இந்த மருந்து என்று சிலர் கேட்கலாம். அந்தக் கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. அதில் நம் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகத சுப்பாராவ், லெடர்லி என்ற மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சித் தலைவராக இருந்தார். அவருடைய பொறுப்பில் இருந்த ஆராய்ச்சிச் சாலையிலிருந்துதான் 1948-ல் ஆரியோமைசின் என்னும் மருந்து வந்தது. கோடிக்கணக்கான பேர் அந்த வகை மருந்தால் பிழைத்தார்கள். 1950-ல் அதே கம்பெனியைச் சேர்ந்த ஜூக்ஸ், ஸ்டோக்ஸ்டாட் என்ற இருவர் ஒரு விசித்திரத்தை வெளியிட்டார்கள். மருந்து எடுத்த பின் மிஞ்சுகிற சக்கையைக் கோழிக் குஞ்சுக்குப் போட்டால், அது மற்றக் குஞ்சுகளைவிட வேகமாக வளருகிறது! அன்று முதல் ஆண்டிபயாடிக் மருந்து உலகெங்கும் தீவனமாகவும் ஆயிற்று. நோய் வந்தால் கொடுப்பது என்று இருந்தது, நோய் வராமலிருக்கக் கொடுப்பது என்று மாறி, எடை கூடுவதற்காகக் கொடுப்பது என்று முடிந்தது.

நம் பக்கத்துப் பண்ணைக்காரர்களை இதற்காகக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பவுடர் விற்க வந்தவர் “குஞ்சு திடமாக வரும்” என்று சொன்னார், வாங்கினார்கள். வெள்ளைக் கழிச்சலுக்குக்கூட அதைக் கொடுத்துப் பார்த்தவர்கள் உண்டு. வெள்ளைக் கழிச்சலோ வைரஸால் வருவது; ஆண்டிபயாடிக் அதன் பக்கத்தில்கூடப் போகாது. அதற்குத் தடுப்பு மருந்துதான் வழி. ஆனால் ஒரு கொட்டாயில் பத்தாயிரம் கோழி தலை தொங்கி நிற்கும்போது, கையில் கிடைத்ததை எல்லாம் தண்ணீரில் கரைத்து ஊற்றத்தான் மனசு சொல்லும். கடன் வாங்கிக் கோழி வளர்த்தவர்களுக்கு இது புரியும்.

நிற்க. கொலிஸ்டின் என்பது 1950-ல் ஜப்பானில் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து எடுத்த மருந்து. நல்ல வேகம், ஆனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதனால் 1970-களில் வைத்தியர்கள் அதை ஒதுக்கிவிட்டார்கள். மனிதனுக்கு ஆகாது என்று ஒதுக்கியது மாட்டுக்கும் கோழிக்கும் போயிற்று. வருஷங்கள் சென்றன. புதுப் புது மருந்துகளை ஒவ்வொன்றாகக் கிருமிகள் வென்றுகொண்டே வந்தன. கடைசியில், பரணில் போட்ட பழைய அரிவாளைத் தேடி எடுப்பதுபோல, வைத்தியர்கள் கொலிஸ்டினைத் தேடி எடுத்தார்கள். அதற்குள் அந்த அரிவாள் கோழிக் கொட்டாய்களில் தினந்தோறும் புழங்கிக்கொண்டிருந்தது.

பெரிய மருந்துகள் தோற்றுவருகின்றன என்ற செய்தி நம் ஊரிலிருந்தே உலகுக்குப் போனதை நேயர்களில் சிலர் நினைவு வைத்திருக்கலாம். 2010 ஆகஸ்டில் லான்ஸெட் குழுமத்தின் தொற்றுநோய்ப் பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தது. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த கார்த்திகேயன் குமாரசாமி. கார்பாபெனம் என்னும் உயர்ந்த வகை மருந்துகளையே உடைத்துப் போடும் ஒரு நொதியைத் தாங்கிய கிருமிகள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 என்று அதில் எண்ணிக் காட்டியிருந்தது. அந்த நொதிக்கு ஒரு வருஷம் முன்பே புது டில்லியின் பெயரை வைத்திருந்தார்கள். வந்தது கோபம்! பார்லிமெண்டிலும் பேசினார்கள், பத்திரிகைகளிலும் எழுதினார்கள். தலைநகரின் பெயரைக் கிருமிக்கு வைக்கலாமா என்பதே பேச்சு. பெயர் வைத்ததற்காக 2011 ஜனவரியில் லான்ஸெட் ஆசிரியரே வருத்தம் தெரிவித்தார். பெயரைப் பற்றி எழுந்த சத்தத்தில் பாதிகூட அந்த எண்களைப் பற்றி எழவில்லை.

ஆனாலும் சிலர் எண்களைப் பார்த்தார்கள். 2012-ல் வைத்தியர் சங்கங்கள் சென்னையில் கூடிச் ‘சென்னைப் பிரகடனம்’ என்று ஒன்றைத் தயாரித்தன. 2013-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி போன்ற சில பெரிய இடங்களை நடுநாயகமாக வைத்து, எதிர்ப்புப் பெற்ற கிருமிகளைக் கண்காணிக்கும் ஒரு வலையை ஆரம்பித்தது. 2014 மார்ச் முதல் பல முக்கிய ஆண்டிபயாடிக்குகள் எச்-1 பட்டியலில் வந்தன. மருந்துக் கடைக்காரர் டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. கொடுத்ததைத் தனிப் புத்தகத்தில் எழுதியும் வைக்க வேண்டும்.

கண்காணிப்பு என்றால் என்ன செய்கிறார்கள்? அதைப் பார்க்க எனக்கு ஆசை வந்தது. தெரிந்த டாக்டர் ஒருவர் மூலம், நம் சமவெளியிலேயே உள்ள ஓர் ஆஸ்பத்திரியின் பரிசோதனைச் சாலைக்குள் ஒரு முற்பகல் இருந்துவர அனுமதி கிடைத்தது. துப்பறியும் நாவலில் வருகிற மாதிரி ஏதோ இருக்கும் என்று எண்ணிப் போனேன். இருந்ததோ ஒரு சமையலறை!

உண்மையாகவே சமையலறைதான். ஒரு பாத்திரத்தில் பழுப்பு நிறக் கஞ்சி மாதிரி ஒன்று. அதை ஆறவைத்து வட்டமான கண்ணாடித் தட்டுக்களில் ஊற்றினால் உறைந்து நிற்கும். அதற்கு அகார் என்று பெயர், கடற்பாசியிலிருந்து எடுப்பது. நம் ராமநாதபுரம் கரையோரத்துப் பெண்கள் கடலில் மூழ்கிப் பறித்து வருகிற பாசியிலிருந்தும் அகார் செய்கிறார்கள். இதைக் கிருமி ஆராய்ச்சிக்குக் கொண்டுவந்ததே ஒரு குடும்பப் பெண்மணியின் கைவேலைதான். 1881-ல் ஜெர்மனியில் ராபர்ட் கோக்கின் உதவியாளராக இருந்த ஹெஸ்ஸே, தம்முடைய ஜெலட்டின் தட்டுக்களெல்லாம் வெயிலில் உருகிப் போகின்றனவே என்று வருந்தினார். அவர் மனைவி ஃபேன்னி, “நான் செய்கிற பழக் கூழ் வெயிலில் உருகுவதில்லையே, அதில் போடுவதைப் போட்டுப் பாருங்கள்” என்ற யோசனையைக் கொடுத்தார். இன்று உலகத்துப் பரிசோதனைச் சாலைகள் எல்லாம் அந்த அம்மாளின் சமையற்குறிப்பில்தான் நடக்கின்றன.

அங்கே வேலை பார்க்கும் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். ராசிபுரம் பக்கம். பொறுமையாக விளக்கினாள்.

“இது நேத்து வந்த ரத்தமுங்க, சார். கிருமி இருந்தா ராத்திரியில வளந்திரும். அதை எடுத்து இந்தத் தட்டு முழுக்கத் தடவறோம். மேல மருந்து நனைச்ச காகித வில்லைங்களை வெச்சு, 37 டிகிரியில ஒரு ராத்திரி வெக்கணும். காலையில பாருங்க.”

பார்த்தேன். மங்கலான வெள்ளைப் பரப்பில் சில வில்லைகளைச் சுற்றி நிலாவுக்குக் கோட்டை கட்டினாற்போலத் தெளிவான வட்டங்கள். அங்கெல்லாம் கிருமி மாண்டுவிட்டது. சில வில்லைகளைச் சுற்றி வட்டமே இல்லை. கிருமி வில்லையின் ஓரம் வரை வந்து உட்கார்ந்திருந்தது. அவள் ஒரு ஸ்கேலை வைத்து வட்டங்களின் குறுக்களவை மில்லி மீட்டரில் அளந்து எழுதிக்கொண்டாள்.

“கொலிஸ்டின் வில்லை எது, அம்மா?” என்று கேட்டேன்.

“அதுக்கு வில்லை ஆகாதுங்க, சார். அது பெரிய மூலக்கூறு. அகாருக்குள்ள சரியா ஊறாது. வட்டத்தை நம்பினா ஏமாந்திருவோம். அதுக்குச் சின்னச் சின்னக் குழி இருக்கிற தட்டுல, மருந்தை ஒண்ணுக்கு ரெண்டா, ரெண்டுக்கு நாலாக் கூட்டிக்கிட்டே போயி, எந்தக் குழியில கலங்காம நிக்குதுன்னு பாக்கணும்.”

இன்னொரு விஷயமும் சொன்னாள். குணம் தெரிந்த ஒரு கிருமியை ஆஸ்பத்திரிகள் பத்திரமாக வளர்த்து வைத்திருக்கின்றன. அதையும் இதே சோதனைக்கு அவ்வப்போது உட்படுத்துவார்கள். அதற்கு வரவேண்டிய அளவு வராவிட்டால், அன்றைக்குச் செய்த சோதனை எதையும் நம்பக் கூடாது. சந்தையில் தராசைச் சோதிக்க முத்திரைப் படிக்கல் வைத்திருப்பதில்லையா, அந்த மாதிரி.

நோயாளிக்கு வேண்டிய காகிதம் வார்டுக்குப் போய்விடுகிறது. அதோடு வைத்தியம் முடிந்தது. கண்காணிப்பு என்பது அதற்குப் பிறகு நடக்கிறது. அந்தக் காகிதத்தில் உள்ளதைப் பெயரில்லாமல், ஒரு வரியாக, கணக்கில் ஏற்றுகிறார்கள். ஒரே நோயாளிக்குப் பத்துத் தடவை சோதித்தாலும் முதல் தடவையைத்தான் எண்ணுவது; இல்லாவிட்டால் ஒருவரே பத்துப் பேராகிவிடுவார். வருஷக் கடைசியில் கூட்டிப் பார்த்து, இந்த ஆஸ்பத்திரியில் இந்தக் கிருமியில் நூற்றுக்கு இத்தனை இந்த மருந்துக்கு அடங்குகிறது என்று ஒரு பட்டியல் போடுகிறார்கள். அடுத்த வருஷம் காய்ச்சலோடு வருகிற கிழவிக்குச் சோதனை முடிகிற வரையில் எந்த மருந்தைக் கொடுத்து வைப்பது என்று டாக்டர் ஊகிக்க வேண்டியிருக்குமல்லவா? அந்த ஊகம் குருட்டு ஊகமாக இல்லாமல் இருப்பதற்கு இந்தப் பட்டியல்தான் ஆதாரம். என் அத்தைக்குக் கைகொடுக்காமல் போன அந்த முதல் மூன்று நாட்களின் விலை எனக்குத் தெரியும். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் வலையில் சேர்ந்த கணக்கு என்ன சொல்லுகிறது? க்ளெப்ஸியெல்லா என்ற கிருமியில், 2016-ல் நூற்றுக்கு 65 இமிபெனம் என்ற உயர்ந்த மருந்துக்கு அடங்கின. 2021-ல் அடங்கியது 43. ஐந்து வருஷத்தில் இருபத்திரண்டு படி சறுக்கல். 2019-ல் உலகம் முழுவதும், மருந்துக்கு அடங்காத கிருமிகளே நேர்க் காரணமாக 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்று 2022-ல் லான்ஸெட்டில் மதிப்பிட்டு எழுதினார்கள்.

இப்போது மாப்பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன். அந்தக் கேள்விக்குப் பதில் சீனாவில் கிடைத்தது. அவர்கள் பண்ணைப் பன்றிகளின் குடலிலுள்ள சாதாரணக் கிருமிகளை வழக்கப்படி சோதித்துக் கணக்கு எழுதி வந்தார்கள். யாருக்கும் நோயில்லை, பயமுமில்லை, வெறும் கணக்குத்தான். அந்தக் கணக்கில் கொலிஸ்டினுக்கு அடங்காத கிருமிகள் வருஷத்துக்கு வருஷம் பெருகுவதைக் கண்டு துருவிப் பார்த்ததில், எம்சிஆர்-1 என்ற மரபணு அகப்பட்டது. 2015 நவம்பரில் அறிவித்தார்கள். அதன் விபரீதம் என்னவென்றால், அது கிருமிக்குள் தனியாகச் சுழலும் ஒரு சிறு வளையத்தில் இருக்கிறது. பரீட்சை ஹாலில் ஒரு பையன் துண்டுச் சீட்டை அடுத்த பெஞ்சிக்குத் தள்ளுவதுபோல, ஒரு கிருமி இன்னொரு கிருமிக்கு, வேறு ஜாதிக் கிருமிக்கும்கூட, அதைத் தள்ளிவிட முடியும். ஆகவே கொட்டாயில் படித்த பாடம் ஆஸ்பத்திரி வரை வருவதற்கு வழி இருக்கிறது.

2017-ல் சீனா கொலிஸ்டினைத் தீவனத்தில் வளர்ச்சிக்காகக் கலப்பதை நிறுத்தியது. பிறகும் எண்ணினார்கள். பன்றிகளில் 2015–16-ல் நூற்றுக்கு 34 ஆக இருந்த எதிர்ப்பு, 2017–18-ல் 5 ஆகிவிட்டது. கோழிகளில் 18 ஆக இருந்தது 5 ஆயிற்று. கிருமி கற்ற பாடத்தை மறக்கும். ஆனால் பாடம் நடத்துவதை நாம் நிறுத்த வேண்டும். எவ்வளவு நம்பிக்கை தருகிற செய்தி!

நம் நாட்டிலும் தடை வந்தது. 2018 ஜனவரியில் லண்டன் புலனாய்வுப் பத்திரிகையாளர் அமைப்பு ஒன்றும் ‘தி ஹிந்து’ பத்திரிகையும் சேர்ந்து, இந்தியப் பண்ணைகளுக்குக் கொலிஸ்டின் வந்து இறங்குவதை எழுதின. சென்னையில் ஒரு குழுவினர் இறைச்சி, மீன், காய், பழம் ஆகியவற்றைச் சோதித்து, ஏறக்குறையப் பாதி மாதிரிகளில் கொலிஸ்டினுக்கு அடங்காத கிருமிகள் இருந்ததாக 2019-ல் வெளியிட்டார்கள். 2019 ஜூலை 19-ந் தேதி, உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்குக் கொலிஸ்டினைத் தயாரிப்பதும் விற்பதும் கூடாது என்று மத்திய சர்க்கார் உத்தரவு போட்டது.

இந்த விவரங்களை எல்லாம் சேகரித்துக்கொண்டு மாப்பிள்ளையிடம் போனேன். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார்.

“சட்டம் போட்டாங்க, அந்தப் பவுடரை விட்டுட்டோமுங்க” என்றார். “ஆனா ஒண்ணு மச்சான். எங்க கொட்டாயில அந்தக் கிருமி இருந்துச்சா? இருந்துச்சுன்னா இப்பக் கொறஞ்சிருக்கா? அதை யாருங்க வந்து பாத்துச் சொன்னாங்க?”

யாரும் சொல்லவில்லை. மனிதர்களுக்கான வலைகள் பெரும்பாலும் பெரிய ஆஸ்பத்திரிகளோடும் மருத்துவக் கல்லூரிகளோடும் நின்றுவிடுகின்றன. கால்நடைக்கும் மீனுக்கும் விவசாய ஆராய்ச்சிக் கவுன்சில் தனி வலை ஒன்று வைத்திருக்கிறது; அது மாதிரி எடுத்த பண்ணைகளில் மாப்பிள்ளையின் பண்ணை இல்லை. ஒரு பண்ணைக்காரர் தம் கோழியின் எச்சத்தை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு போய், “இதில் என்ன வளர்கிறது, எதற்கு அடங்குகிறது?” என்று கேட்டு, வருஷா வருஷம் எழுதி வைத்து, பக்கத்து ஆஸ்பத்திரியின் கணக்கோடு ஒத்துப் பார்க்கிற பழக்கம் நம்மிடையே இன்னும் ஏற்படவில்லை.

அப்படி எண்ண ஆரம்பித்தால் நாமக்கல் முட்டைக்குக் கெட்ட பெயர் வந்துவிடாதா என்று பண்ணைக்காரர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை நான் ஏளனம் செய்யமாட்டேன். எங்கோ பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்த மறுநாளே இங்கே விலை விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அப்படி விலையை விழவைத்தது எண்ணிக்கையா, வதந்தியா? எண் இல்லாத இடத்தில்தான் வதந்தி குடியேறுகிறது. “எங்கள் பண்ணைகளில் போன வருஷம் நூற்றுக்கு இவ்வளவு, இந்த வருஷம் இவ்வளவு” என்று சொல்லக்கூடிய ஊரின் மேல் யார் என்ன பழி சுமத்த முடியும்? இதைப் படித்துவிட்டு நாளைக் காலையில் குழந்தைக்கு முட்டை கொடுக்காமல் இருந்துவிடாதீர்கள். நன்றாக வெந்த முட்டையில் இந்தக் கிருமிகள் பிழைப்பதில்லை. பச்சை முட்டையையும் இறைச்சியையும் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். அதைவிட முக்கியமாக, மிச்சமிருக்கிற மாத்திரையை அடுத்த காய்ச்சலுக்கென்று அலமாரியில் வைக்காமலும், கடைக்காரரிடம் “போன தடவை கொடுத்ததையே கொடுங்கள்” என்று கேட்காமலும் இருங்கள். கிருமி நம் வீட்டிலும் பாடம் படிக்கிறது. பண்ணைக்காரரை மட்டும் வாத்தியாராக்கிவிட்டு நாம் தப்பிக்க முடியாது.

காவலுக்குக் கூலி கொடுப்பது எப்போதுமே கசப்பான செலவு. களவு நடக்காத ஊரில் காவலாளி எதற்கு என்று தோன்றும். பரிசோதனைச் சாலையின் கணக்கும் அப்படித்தான். ஒரு தட்டைப் பார்த்து ஓர் உயிரைக் காப்பாற்றினோம் என்று சொல்லிவிடலாம். ஒரு வருஷக் கணக்கைப் பார்த்து எத்தனை உயிரைக் காப்பாற்றினோம் என்று சொல்ல இயலாது. அதற்கு மாலை போடவும் யாரும் வரமாட்டார்கள். ராசிபுரத்துப் பெண் தன் ஸ்கேலை வைத்து அளந்து எழுதிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இருந்தாலும் இந்தியாவில் இந்தக் கணக்கை ஊர் அளவில் எழுத முற்படுவதற்கு நாமக்கல்லைவிடத் தகுந்த ஊர் எனக்குத் தெரியவில்லை. இங்கே 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2022-ல் மனிதர்களுக்கான அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. கோழிக்கு ஒரு கல்லூரி, கோழி வளர்ப்பவருக்கு ஒரு கல்லூரி. இரண்டு நோட்டுக்களும் ஒரே ஊரில். இரண்டையும் ஒரு மேஜையின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். எண்ணுவதற்கு இந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

தாமதிக்கக் கூடாது என்பது மட்டும் என் கவலை. சீனர்கள் 34 என்று முதலில் எழுதியிருந்ததால்தான் 5 என்று பிறகு சந்தோஷப்பட முடிந்தது. நாம் தடை போட்ட வருஷத்தில் மாப்பிள்ளையின் கொட்டாயில் எத்தனை இருந்தது என்பது இனி எந்தப் பண்டிதராலும் கண்டுபிடிக்க முடியாதது. அந்த வருஷம் போய்விட்டது. இந்த வருஷத்தை இன்னும் எண்ணலாம்.